மேசையைக் கவிழ்த்துப் பாருங்கள்: சென்னையில் பழைய தேக்கு மேசை வாங்குவோருக்கு

பழைய மேசை பார்க்கப் புறப்படும்போது நான் தவறாமல் எடுத்துச் செல்பவை மூன்று: இன்ச் டேப், டார்ச், ஒரு பழைய ஜமுக்காளம். ஜமுக்காளத்தைப் பார்த்துக் கடைக்காரர்கள் முதலில் விழிப்பார்கள். அதைத் தரையில் விரித்து, மேசையை அதன்மேல் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துப் பார்ப்பது என் வழக்கம். மேல்பலகையை இரண்டே நாளில் யாரும் பளபளப்பாக்கிவிடலாம். அடிப்பக்கத்துக்கு அவ்வளவு அக்கறை யாரும் எடுப்பதில்லை. அந்த மேசையின் வயது, மரம், பட்ட பாடு எல்லாம் அங்கேதான் எழுதியிருக்கும். புதிதாக வாங்க வருகிறவர்கள் இந்த ஒரு பழக்கத்தைக் கைக்கொண்டால் பாதி ஏமாற்றங்களைத் தவிர்க்கலாம்.

நான் சொல்வது ஏறத்தாழ 1950 முதல் 1970 வரை செய்யப்பட்ட மேசைகளைப் பற்றி. கடைகளில் இவற்றை 'மிட்-செஞ்சுரி' என்கிறார்கள். சிங்க முகமும் கொடி வேலைப்பாடும் இருக்காது. கால்கள் கீழே போகப் போக மெலிந்து, சற்று வெளிப்புறமாகச் சாய்ந்திருக்கும். சிலவற்றில் கால் நுனிக்குப் பித்தளைக் குப்பி போட்டிருப்பார்கள். பலகையின் விளிம்பு அடியில் சரிவாகச் சீவப்பட்டிருப்பதால் கனமான பலகையும் மெல்லியதாகத் தெரியும். அண்ணா சாலையில் எல்ஐசி கட்டடம் திறக்கப்பட்டதும், கிண்டியில் ஐஐடி தொடங்கப்பட்டதும் 1959-இல். அந்தக் காலத்துச் சென்னை தன் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் விரும்பிய வடிவம் இது. டென்மார்க்கின் வடிவமைப்பாளர்கள் பர்மாவிலிருந்தும் தாய்லாந்திலிருந்தும் போன தேக்கில்தான் தங்கள் புகழ்பெற்ற மேசைகளைச் செய்தார்கள். நம் ஆசாரிகளுக்குத் தேக்கு புதிதல்ல, வடிவம்தான் புதிது. ஆகவே இங்கே கிடைக்கும் நல்ல மேசைகளில் பெரும்பாலானவற்றுக்கு முத்திரையும் கிடையாது, செய்தவர் பெயரும் தெரியாது. வேலையைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

முதலில் உங்கள் வீட்டை அளந்துகொள்ளுங்கள்

மேசை வைக்கப்போகும் இடத்தை மட்டும் அளந்தால் போதாது. வாசல் நிலை, லிஃப்ட் கதவு, மாடிப்படி திரும்பும் இடம் மூன்றையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இக்காலத்து மேசைகளில் கழற்றுவதுபோலப் பழையவற்றில் பெரும்பாலும் கால்களைக் கழற்ற முடியாது. கட்டையின் முனையைக் கழுந்தாக, அதாவது நாக்குபோலச் சீவித் துளையில் இறக்கிப் பசை போட்டிருப்பார்கள். வாசலில் நுழையாவிட்டால் அதோடு சரி.

சாப்பாட்டு மேசையில் ஒருவருக்கு 24 அங்குல அகலம் வேண்டும். நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்திருக்கச் சுவருக்கும் மேசைக்கும் நடுவே 3 அடி விடுங்கள். உயரம் பெரும்பாலும் 29, 30 அங்குலமாகவே இருக்கும். ஆனால் மேல்பலகைக்கு அடியில் சுற்றிவரும் சட்டம் அகலமாக இருந்தால் தொடை இடிக்கும். தரையிலிருந்து சட்டத்தின் கீழ்விளிம்புவரை 24 அங்குலமாவது இருக்கிறதா என்று பாருங்கள். எழுத்துமேசையின் நடு டிராயருக்கும் இதே கணக்குதான். டீப்பாய் என்றால் 16 முதல் 18 அங்குல உயரம், உங்கள் சோபாவின் இருக்கை மட்டத்தை மீறாமல்.

எங்கே தேடுவது

கண் பழகுவதற்குப் பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையைவிட நல்ல பள்ளிக்கூடம் சென்னையில் இல்லை. பழைய டிரங்க் ரோட்டில் செடிகளுக்கும் பழைய இரும்புக்கும் நடுவே மரச்சாமான்கள் கிடக்கும். காலையிலேயே போய்விடுங்கள். வெயில் ஏறிவிட்டால் உங்களுக்கும் பொறுமை இருக்காது, விற்பவருக்கும் இருக்காது. முதல் இரண்டு, மூன்று வாரம் எதையும் வாங்காமல் தொட்டுப் பாருங்கள், தூக்கிப் பாருங்கள், விலை கேளுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள பழம்பொருள் கடைகளில் தேர்ந்தெடுத்துச் செப்பனிட்ட பொருள்கள் கிடைக்கும். அந்தத் தேர்வுக்கும் செப்பனிட்டதற்கும் சேர்த்துத்தான் அங்கே விலை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போகச் சொல்வார்கள். போக வேண்டிய இடம்தான். ஆனால் அங்கே செட்டிநாட்டு வீடுகளின் பழைய, கனத்த வேலைப்பாடுகளே அதிகம். மெலிந்த கால் மேசைகளுக்காக மட்டும் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

என் அனுபவத்தில் மிக நல்ல மேசைகள் வீடுகளிலிருந்தே வருகின்றன. அடையாறு, மயிலாப்பூர், தியாகராய நகர், கீழ்ப்பாக்கம் பகுதிகளில் தனிவீடுகள் அடுக்குமாடிகளாக மாறும்போது முதலில் வெளியேறுபவை பெரிய மேசைகள். குடியிருப்பு வாட்ஸ்அப் குழுக்களிலும் ஓஎல்எக்ஸிலும் 'பழைய மர டேபிள்' என்று மொட்டையாகப் போட்டிருக்கும் விளம்பரங்களைப் பாருங்கள். விற்பவருக்கு 'மிட்-செஞ்சுரி' என்ற சொல் தெரியாத இடத்தில்தான் அருமையான பொருள் அகப்படும்.

அப்படிப்பட்ட வீட்டுக்குப் போகும்போது ஒன்றை மறக்க வேண்டாம். நாம் போவது ஒரு குடும்பம் கலையும் நேரத்தில். காந்தி நகரில் எனக்கு எழுத்துமேசை தந்த அம்மாள், "தம்பி, எங்கள் மாமனார் இதில்தான் கணக்கு எழுதினார். வாங்கிப்போய்க் கால்களை அறுத்துவிடாதீர்கள்" என்று சொன்னார். அவர் கேட்ட விலையில் நான் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை. அந்த இடத்தில் பேரம் பேச மனம் வரவும் கூடாது. அண்ணன் தம்பிகள், அக்கா தங்கைகள் எல்லாரும் சம்மதித்துத்தான் விற்கிறார்களா என்று கேட்டுவிட்டு, ஒரு தாளில் பொருளும் விலையும் தேதியும் எழுதிக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் யாருக்கும் மனக்கசப்பு வராது.

கவிழ்த்துப் பார்க்கும் முறை

ஜமுக்காளத்தை விரித்தாகிவிட்டது. டிராயர்களை முதலில் வெளியே எடுத்துவிடுங்கள். இரண்டு பேர் சேர்ந்து, காலைப் பிடிக்காமல் சட்டத்தைப் பிடித்து, மேசையைத் தலைகீழாக வையுங்கள்.

பலகையின் அடிப்பக்கத்தை உள்ளங்கையால் தடவுங்கள். கையால் இழைப்புளி தள்ளிய பலகையில் மெல்லிய அலைகள் தட்டுப்படும். டார்ச்சைப் பலகையோடு படுக்க வைத்து ஒளி பாய்ச்சினால் அந்த அலைகள் கண்ணுக்கும் தெரியும். மரத்தூளை அழுத்திச் செய்த அட்டை தென்பட்டால் அது பெரும்பாலும் நாம் தேடும் காலத்துப் பொருள் அல்ல. டிராயரின் அடித்தட்டு பிளைவுட்டாக இருந்தால் மட்டும் ஒதுக்கிவிடாதீர்கள். 1950-களிலேயே பிளைவுட் தாராளமாகப் புழங்கியது.

அடுத்தது நிறம். தேக்கு ஒளி பட்டுப் பட்டு ஆழ்ந்த பொன்பழுப்பாகும். ஒளி படாத அடிப்பக்கமும் டிராயரின் உட்புறமும் வெளிறியே இருக்கும். மேலும் கீழும் ஒரே அடர்பழுப்பாக இருந்தால் சாயம் பூசியிருக்கிறார்கள் என்று பொருள். எதை மறைக்கப் பூசினார்கள் என்று கேளுங்கள்.

இனி மூட்டுகள். கால் சட்டத்தோடு சேரும் இடத்தில் துளையும் கழுந்துமாக இறுகியிருக்க வேண்டும். இரும்புக் கோணம் வைத்துத் திருகியிருந்தால் எப்போதோ மூட்டு ஆடியிருக்கிறது. திருகாணித் தலைகளையும் பாருங்கள். அக்காலத் தச்சுவேலையில் பரவலாக இருந்தவை ஒற்றைக் கோடு வெட்டிய தலைகள். கூட்டல் குறித் தலைகள் இருந்தால் பிற்காலத்துப் பழுது வேலையாகவோ புதுப்பொருளாகவோ இருக்கலாம். டிராயரின் முன்பலகையும் பக்கப்பலகையும் சேரும் மூலையில் விசிறிபோல விரிந்த பற்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்திருக்கின்றனவா? பற்களின் அகலம் ஒன்றுக்கொன்று மயிரிழை வேறுபட்டிருந்தால் அது கை வேலை. நான் மேசையின் இந்த மூலையில்தான் வெகுநேரம் நிற்பேன். காந்தி நகர் மேசையின் டிராயர்களைத் திருப்பியபோது, ஒன்றின் அடியில் 'வலம்' என்றும் மற்றதில் 'இடம்' என்றும் பென்சிலால் எழுதியிருந்தது. மாற்றிப் போட்டால் சிக்கும் என்பதற்காக அந்த ஆசாரி எழுதி வைத்த குறிப்பு. அறுபது ஆண்டுக்கு மேலாகியும் ஈயக்கறுப்பு மங்கவில்லை. மாற்றிப் போட்டுப் பார்த்தேன், சிக்கியது.

கால் நுனிகளுக்கு வாருங்கள். சென்னையில் இது முக்கியம். 2016 தொடக்கத்தில் ஒரு கடையில் மிக அழகான டீப்பாய் ஒன்றை மேல்பலகையை மட்டும் பார்த்து வாங்கினேன். மூன்றே மாதத்தில் விளிம்பில் வெனீர், அதாவது வேறு பலகைமேல் ஒட்டிய மெல்லிய மரத்தகடு, உப்பி எழுந்தது. பிறகுதான் கவிழ்த்துப் பார்த்தேன். நான்கு கால்களிலும் ஒரே உயரத்தில் கறுத்த கோடு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் நின்ற பொருளை வெயிலில் உலர்த்தி, மேலே பாலிஷ் போட்டு விற்றிருக்கிறார்கள். கால்களில் ஒரே மட்டத்தில் நீர்க்கோடு, கால் நுனியில் பிளவு, பித்தளைக் குப்பிக்குள் பச்சைக் களிம்பு இவற்றில் இரண்டைச் சேர்த்துப் பார்த்தால் விட்டுவிடுங்கள். வெள்ளநீர் குடித்த வெனீரை மீட்பது கடினம்.

பூச்சியை எல்லாரும் கரையான் என்ற ஒரே சொல்லால் சொல்கிறார்கள். வைரம் பாய்ந்த தேக்கைக் கரையான் எளிதில் தொடாது. ஆனால் மரத்தின் வெளிவட்டத்தில் உள்ள வெளிர் நிற வெள்ளைப் பகுதியை உளுப்பு வண்டு விரும்பித் தின்னும். சட்டத்தின் உள்முகத்தில் அந்த வெள்ளையை வைத்துச் செய்திருப்பார்கள். குண்டூசித் தலை அளவு துளைகள் தெரிந்தால் கட்டையைத் தட்டுங்கள். கோதுமை மாவு போன்ற தூள் உதிர்ந்தால் வண்டு இன்னும் உயிரோடு இருக்கிறது. துளை மட்டும் இருந்து, உள்ளே அழுக்கு படிந்திருந்தால் பெரும்பாலும் பழைய கதை.

தேக்கா, வேறு மரமா?

அடிப்பக்கத்தில், விற்பவர் அனுமதியோடு, நகத்தளவு இடத்தை உப்புத்தாளால் தேய்த்து முகர்ந்து பாருங்கள். தேக்கில் பழைய தோல் செருப்பு போன்ற ஒரு மணம் எழும், விரலில் எண்ணெய்ப் பிசுக்கும் தட்டும். ஒரு முறை பழகிவிட்டால் மூக்கு மறக்காது. பலகையின் வெட்டுமுகத்தில் ஆண்டு வளையங்கள் தெளிவாகத் தெரியும். வளையங்கள் நெருக்கமாக இருந்தால் மெதுவாக வளர்ந்த மரம். விரல் அகலத்துக்கு விரிந்திருந்தால் தோட்டத்தில் வேகமாக வளர்த்த இளந்தேக்காக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஈட்டி மரம், தோதகத்தி என்றும் ரோஸ்வுட் என்றும் சொல்வார்கள், ஊதா கலந்த பழுப்பில் கருங்கோடுகள் ஓடும். தூக்கினால் எடை தெரியும். தேக்கு கன அடிக்குச் சுமார் 18 கிலோ என்றால் ஈட்டி 24 கிலோவை நெருங்கும். வட இந்தியாவிலிருந்து வரும் ஷீஷமும் சாயம் ஏற்றிய மாமரமும் 'ரோஸ்வுட்' என்ற பெயரில் விற்கப்படுவதால் நிறம், கோடு, எடை மூன்றையும் சோதிப்பது நல்லது. ஈட்டி மேசை வாங்கினால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அந்த மரத்தைப் பாதுகாக்கத் தமிழ்நாட்டில் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருந்தது, அதன் காலம் 2025-இல் முடிந்தது. 2017 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாடும் உண்டு. வெளிநாட்டுக்குக் குடிபெயரும்போது கூடவே எடுத்துச் செல்லும் எண்ணம் இருந்தால் இதை முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

பெரிய பெயர்களைக் கேட்டு மயங்க வேண்டாம்

யாராவது 'சண்டிகர் மேசை' என்று சொல்லிப் பல மடங்கு விலை கேட்டால் நிதானியுங்கள். சண்டிகர் நகரை வடிவமைத்த கட்டடக் கலைஞர் லெ கர்பூசியேயின் ஒன்றுவிட்ட சகோதரர் பியேர் ஜான்னெரே 1951 முதல் 1965 வரை சண்டிகரில் இருந்து, அந்த நகரத்தின் அலுவலகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் தேக்கில் மரச்சாமான்கள் வடிவமைத்தார். அவை உலக ஏலங்களில் பெரும் விலைக்குப் போனதும் போலிகள் பெருகின. அந்தப் பாரம்பரியப் பொருள்களின் விற்பனைக்கு எதிராக 2011-இல் மத்திய உள்துறை உத்தரவிட்டது. பலகையில் அச்சடித்த அரசுத் துறையின் பெயர் எழுத்துகளைக் காட்டுவார்கள். வெள்ளைப் பெயின்ட் இருந்தால் அந்த எழுத்தை இன்றைக்கும் அடிக்கலாம். ஆவணம் இல்லாத பெயருக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

'ஆன்டிக்' என்ற சொல்லும் அப்படித்தான். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி பொதுவாக நூறு ஆண்டு கடந்தால்தான் தொல்பொருள். 1960-இல் செய்த மேசைக்கு அந்தச் சொல் பொருந்தாது.

நம்மூர்ப் பக்கத்தில் பெருமைப்பட ஒரு நல்ல கதை இருக்கிறது. பின்னாளில் அமெரிக்காவின் மிகப் பெரிய மரக்கலைஞர்களில் ஒருவரான ஜார்ஜ் நாகஷிமா, 1930-களின் இறுதியில் புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதிக் கட்டுமானத்தில் பணியாற்றினார். அதற்கான மரச்சாமான்களையும் வடிவமைத்தார். ஆசிரமத்தில் அவருக்குச் சுந்தரானந்தா என்று பெயர். தேக்கை அலங்கரிக்காமல், அதன் போக்கிலேயே விட்டுப் பார்க்கும் கண் இந்தக் கடற்கரைக்குப் புதிதல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

விலையைக் கணக்கிடும் முறை

நானே பயன்படுத்தும் கணக்கு இது. மேசையில் எத்தனை கன அடி மரம் இருக்கிறது என்று பாருங்கள். 5 அடி நீளம், 3 அடி அகலம், 1 அங்குலக் கனமுள்ள பலகையில் 1.25 கன அடி. இரண்டரை அடி உயரத்தில், 2 அங்குலச் சதுரத்தில் நான்கு கால்கள் என்றால் சுமார் 0.28. சுற்றுச் சட்டம் 14 அடி, 4 அங்குல அகலம், 1 அங்குலக் கனம் என்றால் 0.39. மொத்தம் ஏறக்குறைய 2 கன அடி. உங்கள் பகுதி மரக்கடையில் நல்ல தேக்கு இன்று கன அடி என்ன விலை என்று கேட்டு இரண்டால் பெருக்குங்கள். இதே மேசையைச் செய்ய ஓர் ஆசாரிக்கு எத்தனை நாள் ஆகும் என்று கேட்டுக் கூலியையும் சேருங்கள். முழுத்தேக்கு மேசைக்கு விற்பவர் கேட்பது இந்தத் தொகைக்குக் கீழே இருந்தால், மூட்டும் மரமும் நன்றாக இருக்கும்பட்சத்தில், யோசிக்காமல் வாங்குங்கள். இரண்டு மடங்குக்கு மேல் போனால், அந்த வடிவம் உங்கள் மனத்தைவிட்டு அகல மறுத்தால் மட்டுமே கொடுங்கள். வெனீர் மேசைக்கு இந்தக் கணக்கு செல்லாது. அதைப் பாதிக்கும் கீழாகவே நான் மதிப்பிடுவேன்.

கடையில் பேரம் பேசும்போது குறைகளை அடுக்கி விலையை இறக்கப் பார்க்காதீர்கள். பழுதுக்கு என்ன செலவாகும் என்று தெளிவாகச் சொன்னால் நல்ல வியாபாரி குறைத்துக் கொடுப்பார். அடுத்த முறை நல்ல மேசை வந்தால் உங்களைத்தான் முதலில் அழைப்பார்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு

குட்டி யானை வண்டி பிடிக்கும்போதே எத்தனை மாடி, லிஃப்ட் உண்டா, ஏற்று இறக்குக்கூலி எவ்வளவு என்று பேசி முடித்துவிடுங்கள். வண்டியில் மேசை தலைகீழாக, போர்வைமேல் படுக்கட்டும். கயிற்றைச் சட்டத்தில் கட்டுங்கள், கால்களில் வேண்டாம்.

வந்ததும் மற்ற மரச்சாமான்களோடு சேர்க்காமல் பால்கனியிலோ தனி அறையிலோ வையுங்கள். அடியில் கறுப்புச் சார்ட் காகிதம் விரித்துப் பத்து நாள் காத்திருங்கள். காகிதத்தில் வெள்ளைத் தூள் விழாவிட்டால் உள்ளே கொண்டுபோகலாம். விழுந்தால் பூச்சிமருந்து அடிப்பவரை அழையுங்கள்.

பாலிஷ் போட அவசரப்படாதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது. மறைவான இடத்தில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை வைத்துப் பாருங்கள். பிசுபிசுத்துக் கரைந்தால் அது பழைய அரக்குப் பாலிஷ். அதை முழுக்கச் சுரண்ட வேண்டிய தேவையே இல்லை. அதன்மேலேயே புதிய அரக்குக் கரைசலை ஏற்றலாம். டபரா வைத்த வெள்ளை வளையம் பெரும்பாலும் பாலிஷோடு நிற்கும். கறுப்பு வளையம் மரத்துக்குள் இறங்கிய கறை, அதை ஆசாரியிடம் விடுங்கள். வெனீர் பலகையை மெஷின் வைத்துத் தேய்க்க யாரையும் அனுமதிக்காதீர்கள். அது ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, ஒரு நிமிடத்தில் போய்விடும். "மேலே சன்மைக்கா ஒட்டிவிட்டால் தொல்லையே இல்லை" என்று ஒருவர் சொன்னால் வேறு ஆசாரியைத் தேடுங்கள். வஜ்ஜிரப் பசை போட்ட பழைய மூட்டுகளைச் சூடும் ஈரமும் கொடுத்துப் பிரித்து மறுபடி ஒட்டத் தெரிந்தவரே உங்களுக்கு வேண்டியவர். ஆடும் காலில் ஆணி அடிப்பவர் வேண்டாம்.

தேங்காய் எண்ணெய் தடவும் வழக்கத்தையும் விடுங்கள். அது உலராது, தூசியை இழுத்துப் பிடிக்கும். மெல்லிய துணியில் தேன்மெழுகு போதும். ஆளிவிதை எண்ணெய் பூசினால், துடைத்த துணியைச் சுருட்டிப் போடாமல் விரித்து உலர்த்துங்கள். சுருட்டிய துணி தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். ஏசி காற்று நேராகப் படும் இடமும், மேற்கு வெயில் விழும் ஜன்னலோரமும் மேசைக்கு ஆகாது. பலகை ஒரு பக்கம் மட்டும் உலர்ந்து வளையும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் டிராயர் இறுகும். என் எழுத்துமேசையின் 'வலம்' டிராயர் முதல் மழைக்காலத்தில் அசையவே மறுத்தது. வீட்டுக்கு வந்த ஆசாரி இழைப்புளியை எடுத்தார். நான் தடுத்துவிட்டு, சறுக்கும் விளிம்புகளில் மெழுகுவர்த்தியைத் தேய்த்து வைத்தேன். பங்குனியில் அது ஒற்றை விரலுக்குத் திறந்தது.